ஏற்காட்டில் எங்கள் சபையின் வருடாந்திரத் தியான முகாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயுத பூஜை விடுமுறை நெருங்கினால் ஆலய வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கங்களிலிருந்து முதல்முறையாக வருகிறவர்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறோம். எங்கள் சபை தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. முகாமுக்கு அந்த எல்லை கிடையாது.

தியான முகாமும் கன்வென்ஷன் கூட்டமும் ஒன்றுதானா?

இல்லை. கன்வென்ஷன் என்றால் மைதானத்தில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, வெளியூர்ப் பிரசங்கியாரை அழைப்பார்கள். மாலையில் கூடி, செய்தி கேட்டுவிட்டு, இரவு வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். அதில் நன்மை பெற்றவர்கள் ஏராளம். தியான முகாமில் மேடை கிடையாது. மூன்று இரவுகள் ஒரே கூரையின் கீழ் படுத்து, ஒரே பந்தியில் சாப்பிட்டு, காலையும் மாலையும் சேர்ந்து ஆராதித்து, இடையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறோம். செய்தி கொடுப்பவரும் தட்டை எடுத்துக்கொண்டு நம்மோடு வரிசையில் நிற்பார்.

மாற்கு ஆறாம் அதிகாரத்தில் ஒரு செய்தி வருகிறது. ஊழியம் முடிந்து சீடர்கள் திரும்பும்போது, அவர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லாதபடி ஜனங்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். இயேசு அவர்களைத் தனிமையான ஓர் இடத்துக்குச் சற்று இளைப்பாற அழைக்கிறார். பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துவிட்டு, நின்றபடியே டிபன் பாக்ஸைக் காலி செய்கிறவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்கிச் சொல்லவே தேவையில்லை.

ஏன் ஆயுத பூஜை விடுமுறையில்? மே மாதம் வசதியாக இருக்குமே?

மே மாதத்தில் ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும். அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகாது. மலைப்பாதையில் வண்டிகள் நகராது.

நம் பக்கத்தில் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைக்கும் நாட்கள் குறைவு. தை பிறந்தால் மஞ்சள் வெட்டும் வேலையும் வேகவைக்கும் வேலையும் தொடங்கிவிடும். ஆகஸ்ட்டில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் நாற்றங்கால், நடவு என்று குடும்பமே வயலில் இருக்கும். விசைத்தறி வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகூட முழுதாக நிறுத்த மாட்டார்கள். ஆயுத பூஜைக்குத்தான் தறியும் தையல் இயந்திரமும் லேத்தும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. பெரும்பாலான ஆண்டுகளில் பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறையும் அதை ஒட்டியே வருகிறது. முதலாளியிடம் கெஞ்சி விடுப்பு வாங்காமல் ஒரு தொழிலாளி வரக்கூடிய நாட்கள் இவைதான்.

ஊரிலேயே ஆலயம் இருக்கும்போது மலைக்கு எதற்குப் போக வேண்டும்?

ஆலய வளாகத்திலும் நடத்தியிருக்கிறோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் "ஒரு எட்டு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று ஒருவர் கிளம்புவார். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், கடையைத் திறந்து பார்க்க வேண்டும், சொந்தத்தில் ஒரு சீர் இருக்கிறது. எல்லாமே நியாயமான காரணங்கள்தாம். மாலை ஆராதனைக்குப் பாதிப் பேர்தான் திரும்புவார்கள், அவர்களுக்கும் மனம் திரும்பியிருக்காது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு எட்டு வீட்டுக்குப் போக முடியாது. அந்தத் தூரம் நமக்குத் தேவைப்படுகிறது.

ஒரு நாள் மட்டும் வந்து போகலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பவற்றில் இதைத்தான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறோம். முதல் நாள் உடம்பு வந்து சேர்கிறது, மனம் இன்னும் திருப்பூரிலேயே இருக்கிறது. இரண்டாம் நாள் காலையில் எரிச்சலும் சலிப்பும் வரும். பக்கத்துப் பாயில் படுத்தவரின் குறட்டைகூடப் பெரிதாகத் தெரியும். அதைத் தாண்டித் தங்கியவர்களுக்குத்தான் அன்று மாலையும் மூன்றாம் நாளும் கிடைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை செய்திக்கு மட்டும் காரில் வந்து திரும்புகிறவர்கள் செய்தியைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். அந்தச் செய்தியை ஊரிலேயே கேட்டுவிடலாம். மூன்று நாளும் வர முடியாதென்றால் இந்த வருடம் விட்டுவிட்டு அடுத்த வருடம் வாருங்கள்.

சாவு, பிரசவம், திடீர் உடல்நலக் குறைவு போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அப்படி யாருக்காவது கிளம்ப வேண்டியிருந்தால் எங்கள் ஆட்களே சேலம் வரை கொண்டுவந்து விடுவார்கள்.

எப்படி வந்து சேர்வது?

ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சபை பஸ் ஏற்பாடு செய்கிறது. தனியாக வருகிறவர்கள் சேலம் வந்து ஏற்காடு பஸ் பிடிக்கலாம். சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம், வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வரும் என்று பயப்படுகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும், முன் இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக் காரில் வருகிறவர்கள் இருட்டுவதற்கு முன்பே ஏறிவிடுவது நல்லது. ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதையின் விதி. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாம் கியரில் இறங்குங்கள். மழை வலுத்தால் மண்சரிவு ஏற்படுவதுண்டு. அப்படியான நாளில் பயணத்தைத் தள்ளிவைத்துத் தகவல் சொல்வோம்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

விடியற்காலை ஐந்தரைக்கு மணி அடிக்கும். ஆறு மணிக்குக் காலை ஜெபம். இதற்குக் கீபோர்டும் டிரம்ஸும் கிடையாது. பழைய கீர்த்தனைகளை வாயால் மட்டும் பாடுகிறோம். எழுபது வயதைக் கடந்த அம்மிச்சிகள் சிலருக்குப் புத்தகமே தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் எட்டுச் சரணத்தையும் ஒரு சொல் பிசகாமல், தொடையில் தாளம் தட்டிப் பாடுவார். பக்கத்தில் அமரும் கல்லூரிப் பெண்கள் அவர் வாயைப் பார்த்து வரியைப் பிடித்துக்கொள்வார்கள். இந்தப் பாடல்கள் அடுத்த தலைமுறைக்கு இப்படித்தான் போகும் என்று நாங்கள் நம்புகிறோம்.

பிறகு டிபன், வேதபாடம், சிறு குழுக்களில் பேச்சு, மதியச் சாப்பாடு, ஓய்வு. மாலை ஆராதனையில் வாலிபர்கள் புதிய பாடல்களை இசைக்கருவிகளோடு நடத்துகிறார்கள். ஒன்பதரைக்கு விளக்கணைத்துவிடுவோம். முழு இரவு ஜெபம் வைக்கவில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். வருடம் முழுவதும் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்கள் நம்மில் பலர். அவர்களுக்குத் தூக்கமும் கர்த்தர் கொடுக்கிற ஈவுதான்.

மௌன நேரம் என்பது என்ன? பேசாமல் என்ன செய்வது?

இரண்டாம் நாள் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை யாரும் யாரோடும் பேசுவதில்லை. கையில் வேதாகமத்தில் ஒரே ஒரு பகுதி, அதிகம் போனால் பத்து வசனம். அதை வாய்க்குள்ளேயே மெதுவாக மூன்று முறை வாசியுங்கள். குறிப்பெடுக்க வேண்டாம். பிறகு காப்பித் தோட்டத்து ஓரமாக எங்காவது உட்காருங்கள். அந்த மாதத்தில் காப்பிக் காய்கள் பச்சையும் சிவப்புமாக இருக்கும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஆள் உயரத்துக்கு மேல் ஏறியிருக்கும். எதையும் பறிக்காமல், தோட்டத்துக்குள் வெகுதூரம் போகாமல் இருங்கள். காட்டெருமை நடமாட்டம் உண்டு.

முதல் அரைமணி நேரம் கஷ்டமாகத்தான் இருக்கும். சுயஉதவிக் குழுத் தவணை, மகளின் கல்லூரிக் கட்டணம், கரண்ட் பில், மைத்துனர் சொன்ன ஒரு சொல் எல்லாம் வரிசையாக வரும். அவற்றை விரட்டாதீர்கள். வந்த ஒவ்வொன்றையும் கர்த்தரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். அலங்காரமான ஜெப வார்த்தை தேவையில்லை. சொல்லச் சொல்ல வரிசை குறையும். ஒரு கட்டத்தில் சொல்ல எதுவும் இல்லாமல் போகும். அங்கிருந்துதான் தியானம் தொடங்குகிறது. வேறு யாராலும் அதை உங்களுக்காகச் செய்ய முடியாது.

அழுகை வந்தால் அழலாம். பக்கத்தில் இருப்பவர்கள் ஓடிவந்து தேற்ற வேண்டாம்.

கைபேசி கொண்டுவரலாமா?

வந்ததும் பெயர் எழுதிய துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். மாலை ஆறிலிருந்து ஆறரை வரை வாங்கிப் பேசிக்கொள்ளலாம். அவசரத்துக்கு ஊரிலிருந்து அழைக்க வேண்டிய எண் பதிவுத்தாளில் இருக்கும், அதை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். முதியோரைத் தனியாக விட்டுவிட்டு வருகிறவர்களும் கைக்குழந்தையை ஊரில் விட்டுவந்த தாய்மாரும் கைபேசியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாடு எப்படி இருக்கும்? யார் சமைப்பார்கள்?

சபையார் முறை வைத்துச் சமைக்கிறோம். முதல் நாள் இரவு அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய். மலைக் குளிருக்கு அதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. ஒரு வேளை சந்தகையும் தேங்காய்ப்பாலும், ஒரு வேளை ராகிக் களியும் கீரைக் கடைசலும், தினமும் கொள்ளு ரசம். கடைசி நாள் மதியம் கறிச்சோறு. மாலையில் தேநீரோடு எள்ளுருண்டையோ வேகவைத்த நிலக்கடலையோ இருக்கும்.

பந்தியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாரும் தம் குடும்பத்தோடு மட்டும் கூட்டமாக உட்கார வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். வந்த வரிசையில் உட்கார வேண்டும். பரிமாறுகிறவர்கள் யார், சமைத்தவர்கள் யார் என்று பார்க்கிற கண் கொங்கு நாட்டில் இன்னும் மறைந்துவிடவில்லை. சபைகளுக்குள்ளும் அது இருக்கிறது. திருமணத்துக்குப் பெண் பார்க்கும்போதும் கல்லறைத் தோட்டத்தில் இடம் பிரிக்கும்போதும் வெளியே வருகிறது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனெரிகள் சாதியைக் கைவிட்டதற்கு அடையாளமாக, தாழ்த்தப்பட்டவர் சமைத்ததைச் சேர்ந்து உண்பதையே வைத்தார்கள். அவர்கள் உணவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நாக்கு ஒப்புக்கொள்வதை வயிறு ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே முகாமில் சமையல் முறையும் பரிமாறும் முறையும் சீட்டுக் குலுக்கித்தான் முடிவாகின்றன. ஆலயத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பெரியவர் பாத்திரம் கழுவும் முறைக்கு வருவார். தெரு கூட்டும் வேலை பார்க்கும் அக்கா அவருக்குச் சோறு போடுவார். இதில் சங்கடப்படுகிறவர்கள் வராமல் இருந்துவிட வேண்டாம். வந்து, உட்கார்ந்து, சாப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்கெடுப்பதற்கு முன்பு இந்தப் பந்தி நடந்தாக வேண்டும்.

உபவாசம் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. இரண்டாம் நாள் காலையில் விரும்புகிறவர்கள் டிபனைத் தவிர்க்கலாம். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், பிள்ளைகள், முதியோர் சாப்பிட்டே ஆக வேண்டும்.

நோய் தீர ஜெபிப்பீர்களா?

ஜெபிப்போம். கேட்கிற ஒவ்வொருவருக்காகவும் ஆயரும் மூப்பர்களும் தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள். ஆனால் முகாமுக்கு வந்த பிறகு மாத்திரையை நிறுத்தக்கூடாது. இரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, மனநோய் எதற்கான மருந்தாக இருந்தாலும் வேளை தவறாமல் சாப்பிடுங்கள். மருந்தை விட்டால்தான் விசுவாசம் என்று யாராவது சொன்னால் உடனே ஆயரிடம் தெரிவியுங்கள். கொல்லிமலையில் மலைவாழ் மக்களிடையே ஊழியம் செய்த ஜெசி பிராண்ட் ஒரு கையில் வேதாகமத்தையும் மறுகையில் மருந்துப் பெட்டியையும் வைத்திருந்தவர். 1929இல் அந்த மலையிலேயே காய்ச்சலில் உயிர்விட்டார். அங்கே 1914இல் பிறந்த அவருடைய மகன் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய மருத்துவர். நம் மலைகளில் ஜெபமும் மருத்துவமும் இப்படிச் சேர்ந்தே நடந்திருக்கின்றன.

நிகழ்ச்சி நிரலில் இரண்டாம் நாள் மாலை "ஒப்புரவு ஜெபம்" என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

மத்தேயு 5:23, 24 வசனங்களை ஆயர் வாசிப்பார். பலிபீடத்தில் காணிக்கை வைக்க வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுவந்தால், முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிற பகுதி. அதற்குப் பிறகு பிரசங்கம் கிடையாது. முக்கால் மணி நேரம் கதவுகள் திறந்திருக்கும். எழுந்து போய் யாரிடமாவது பேச வேண்டியவர்கள் பேசலாம்.

நம்மில் பங்காளிகள் பலர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். வரப்பு ஒரு முழம் தள்ளிப்போனது, பொதுக்கிணற்றில் முறை மாறித் தண்ணீர் எடுத்தது, அக்காளுக்குச் சேர வேண்டிய நகை, கல்யாணத்தில் தாய்மாமன் மரியாதை தவறியது. கிணற்று முறைக்காகப் பல வருடம் முகம் பார்க்காமல் இருந்த அண்ணன் தம்பி இருவர் ஒரு முகாமில் வராந்தாவின் இரு முனைகளில் நின்றிருந்தார்கள். தம்பி இரண்டு டம்ளரில் தேநீர் வாங்கிக்கொண்டு போய், ஒன்றைத் திண்ணையில் அண்ணனுக்குப் பக்கத்தில் வைத்தார். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அண்ணன், "சக்கரை பத்தலைடா" என்றார். அன்று இரவு இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தார்கள். கிணற்று விவகாரத்தை ஊருக்குத் திரும்பிய பிறகு வக்கீல் இல்லாமல் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். யாரையும் யாரோடும் சேர்த்துவைக்கும் பஞ்சாயத்து இதுவல்ல. அடித்த கணவனை அன்று மாலையே மன்னித்துவிடு என்று எந்தப் பெண்ணிடமும் யாரும் சொல்லக்கூடாது. அப்படிப்பட்ட நிலையில் இருக்கும் பெண்கள் ஆயர் அம்மாவிடம் தனியாகப் பேசலாம். பேசியது வெளியே போகாது, வேண்டிய உதவியும் கிடைக்கும்.

நான் கிறிஸ்தவன் அல்ல. மனைவியோடு வரலாமா?

தாராளமாக வாருங்கள். பலர் வருகிறார்கள். ஆராதனையில் உட்காரலாம், அந்த நேரத்தில் வெளியே நடந்துவிட்டும் வரலாம். திருநீறு வைத்திருந்தால் அழிக்கச் சொல்ல மாட்டோம். மதம் மாறச் சொல்லி யாராவது நெருக்கினால், அது முகாமின் ஒழுங்குக்கு எதிரானது. திருவிருந்தில் மட்டும் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் தம் விசுவாசத்தைத் தாமே அறிக்கையிட்டு உறுதிசெய்யும் சடங்கு) பெற்றவர்கள் பங்கெடுப்பார்கள். மற்றவர்கள் முன்னே வந்து ஆசீர்வாத ஜெபம் பெற்றுக்கொள்ளலாம்.

கத்தோலிக்கர்களும் பெந்தெகொஸ்தே சபையாரும் வரலாமா?

வரலாம். அக்டோபரில் கருமத்தம்பட்டி செபமாலை அன்னை பெருவிழாவும் வருவதால் கத்தோலிக்க நண்பர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெந்தெகொஸ்தே சகோதரர்கள் மௌன நேரத்தில் மட்டும் எங்கள் வழக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

லண்டன் மிஷன் 1827இல் சேலத்திலும் 1830இல் கோயம்புத்தூரிலும் பணியைத் தொடங்கியது. கரூர், தாராபுரம் பக்கம் மெதடிஸ்ட் ஊழியர்கள் வந்தார்கள். ஈரோட்டில் ஆஸ்திரேலிய மிஷனெரி பிரப்பின் பெயரில் ஆலயம் இன்றும் இருக்கிறது. வெவ்வேறு வழியில் வந்த இவர்களின் சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றாயின. பிரிந்தவர்கள் சேர முடியும் என்பதற்கு எங்கள் சபையே சாட்சி. அந்த நாளை ஒட்டி முகாம் வருவதால் முதல் மாலையில் ஐக்கியத்துக்காக நன்றி ஜெபம் செய்கிறோம்.

பிள்ளைகளை என்ன செய்வது?

அழைத்து வாருங்கள். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள் தனி வகுப்பு நடத்துவார்கள். எந்த வகுப்பிலும் பெரியவர்கள் இருவராவது உடனிருப்பார்கள், எந்தப் பிள்ளையும் ஒரு பெரியவரோடு தனியாக அனுப்பப்படாது. கைக்குழந்தை ஆராதனையில் அழுதால் தாய் வெட்கப்பட்டு வெளியே ஓட வேண்டாம்.

தங்குமிடம்? என்ன கொண்டுவர வேண்டும்?

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடங்கள், தரையில் பாய். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கட்டில் உண்டு, பதிவின்போதே சொல்லிவிடுங்கள். கம்பளி, ஸ்வெட்டர், குடை, டார்ச், வேதாகமம், சொந்தத் தட்டும் டம்ளரும், மருந்துச்சீட்டோடு மாத்திரைகள். நகை போட்டுக்கொண்டு வர வேண்டாம்.

கட்டணம் எவ்வளவு? பணம் இல்லாதவர்கள்?

ஒருவருக்கு ஆகும் செலவை ஆலயத்தில் அறிவிப்போம். பதிவு செய்கிற எல்லோருக்கும் ஒரே மாதிரி உறை கொடுக்கப்படும். பெயர் எழுதாமல் முடிந்ததை உள்ளே வைத்து ஒட்டிப் பெட்டியில் போடுங்கள். காலி உறையும் பெட்டிக்குள் விழலாம். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது பொருளாளருக்கும் தெரியாது. இந்த ஏற்பாட்டால் பற்றாக்குறை வரும் என்று முதலில் பயந்தவர்கள் உண்டு. கூடுதலாக வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஈடாகிவிடுகிறது.

பதிவு செய்த பிறகு வர முடியாமல் போனால்?

முந்தின வாரம் புதன்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்கு அந்தப் பாயைக் கொடுத்துவிடலாம்.